நாலாம் தோணிக்கு நிற்காதவள்

நாற்பத்தாறு வயதில் முதுதத்துவமாணி ஆய்வுப் பட்டத்துக்குப் பதிந்தபோது என் மேற்பார்வையாளர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் டீச்சர் காத்திருத்தல்?" என்பதுதான். பல்கலைக்கழகத்தில் அவருடைய அறையில் மேசை முழுக்கப் புத்தகம். எனக்கு இருக்கக் காட்டிய கதிரையிலும் புத்தகம். நின்றபடியே பதில் சொன்னேன். கிழக்கு மாகாணத்துப் பெண்களின் வாய்மொழிக் கவிகளில் காத்திருத்தல் என்ற கருப்பொருள் திரும்பத் திரும்ப வருகிறது, கடலும் துறையும் உள்ள நிலத்தில் அது இயல்பு, அதைத் தனியாக எடுத்து ஆராய வேண்டும் என்று மூச்சு விடாமல் ஒப்புவித்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, செய்து பாருங்கோ" என்றார்.

அன்றைக்கு என் கையில் ஒரு பாட்டுக்கூட இல்லை. கருப்பொருளை முதலில் முடிவு செய்துவிட்டுப் பாட்டைத் தேடிப் போனவள் நான். கறி வாங்கப் போக முன்னமே சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டேன். அப்படித்தான் எல்லாம் தொடங்கியது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். உப்புவெளியில் வீடு, திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். பத்தொன்பது வயதில் எனக்குக் கலைப்பீடத்துக்கு இடம் கிடைத்தது. அந்த வருடம் சண்டையில் பாதை பூட்டிக் கிடந்தது. "அடுத்த வருசம் போகலாம், பொறு பிள்ளை" என்றார் அப்பா. அடுத்த வருடம் அப்பாவுக்குக் கடும் வருத்தம், படுக்கையில் விழுந்தார். அதற்கடுத்த வருடம் எனக்குக் கலியாணம். பிறகு ஆசிரிய கலாசாலை, இரண்டு பிள்ளைகள், வீட்டிலிருந்தே படித்து எடுத்த வெளிவாரிப் பட்டம். பிள்ளைகள் இருவரும் படிக்க வெளியூர் போனதும், இனி என்னை யார் தடுக்கிறார்கள் பார்ப்போம் என்று விண்ணப்பத்தை நிரப்பினேன். எனக்குக் கொஞ்சம் கோபம் கூட. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன்.

கருப்பொருள் ஆய்வு என்றால் கேட்க ஏதோ பெரிய விஷயம் போல இருக்கும். கையால் செய்யும்போது அது சில்லறை வேலை. பழைய பரீட்சைத் தாள்களின் வெறும் பக்கத்தை நாலாக வெட்டிச் சீட்டுகள் செய்தேன். ஒரு பாட்டுக்கு ஒரு சீட்டு. மேலே பாட்டின் முதல் அடி. கீழே அதில் வரும் விஷயம்: வாசல், துறை, பூட்டின கதவு, வராத ஆள், கோபம். ஒரே மாதிரியானதைச் சேர்த்து றப்பர் பட்டி போட்டு பிஸ்கட் தகரத்துக்குள் அடுக்குவேன். "எந்தக் கட்டுத் தடிக்குதோ அதுதான் உங்கட கருப்பொருள்" என்று மேற்பார்வையாளர் பகிடியாகச் சொல்வார். என் தகரத்தில் எல்லாக் கட்டும் தடித்துக்கொண்டே வந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

முதல் இரண்டு வருடம் ஆள் தேடுவதிலேயே போனது. பிறகு பாட்டெல்லாம் வந்தது ஒரே ஆளிடமிருந்து. எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கும் கிண்ணியாக்காரி ஒருத்திதான் என்னை அவவிடம் கூட்டிக்கொண்டு போனா. அங்கே அக்காவைக் கூப்பிடுவது போல நான் அவவை ராத்தா என்று கூப்பிட்டேன். என்னைவிட நாலைந்து வயது மூப்பு இருக்கும். குறிஞ்சாக்கேணிப் பக்கம் வீடு. விடியக்காலம் இடியப்பம் அவித்து மூன்று தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுக்கிறா. கலியாண வீடுகளில் கவி சொல்ல அவவை விட்டால் ஆளில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். சொந்தமாகக் கட்டியும் சொல்வா என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

சனிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போவேன். அந்த நேரத்தில் ராத்தா குசினியில் அடுத்த நாளுக்கு மா வறுத்துக்கொண்டிருப்பா. எனக்கு ஒரு பலகையைத் தள்ளிவிட்டு, கையில் அரிதட்டையும் தருவா. சும்மா இருக்கிற ஆளைப் பார்த்தால் அவவுக்கு வேலை ஓடாதாம். நான் மா அரிக்க, அவ வறுக்க, போன் பக்கத்தில் பதிந்துகொண்டிருக்கும்.

முதல் நாளே நான் கேட்டது இதுதான்: "ராத்தா, காத்திருக்கிறதைப் பற்றின பாட்டுகள் இருக்கோ?"

"காத்திருக்கிறதெண்டா?"

"புருசனுக்கு, பிள்ளைக்கு, தோணிக்கு. ஆரும் வருவினம் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறது."

ராத்தா அகப்பையை நிறுத்திக் கொஞ்ச நேரம் யோசித்தா. "இரிக்கி டீச்சர். உம்மா சொல்ற நாலு இரிக்கி" என்று அன்றைக்கே நாலையும் சொல்லித் தந்தா. நான் படிவத்தில் குறித்துக்கொண்டேன். அந்தப் படிவத்தில் 'யாரிடம் கேட்டது' என்று ஒரு நிரல் இருந்தது. நாலுக்கும் நேரே 'தாயாரிடம்' என்று எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமையும் பாட்டு வந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தது. நான் அந்த நிரலில் 'மேற்படி' என்று எழுதினேன். அதற்குக் கீழேயும் மேற்படி. பக்கம் புரட்டினால் மேலிருந்து கீழ்வரை மேற்படி, மேற்படி. பிள்ளைகள் வீட்டுப்பாடத்தில் இப்படிச் செய்தால் கொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கத்துகிற ஆள் நான். மூன்று வருடம் அந்த நிரலில் ஒருமுறைகூட நான் கேள்வி கேட்கவில்லை.

மொத்தம் இருபத்தாறு பாட்டுச் சேர்ந்தது. அதில் ஒன்றுதான் என் ஆய்வின் கிரீடம்.

மூணு தோணி வந்ததுகா
மூணும் நிறைஞ்சு போனதுகா
நாலாம் தோணி வேணாங்கா
நடந்தே போறன் கரையால

இதைக் கேட்டதும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. துறையில் நின்று கண்ணீர் விடுகிற பெண்களைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். இவள் கண்ணீர் விடவில்லை. ஏச்சுப் பேச்சோடு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்குகிறாள். 'கோபத்தோடு காத்திருத்தல்: இவ்வட்டாரப் பெண்களுக்கே உரிய கூறு' என்று சீட்டில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன். அதை வைத்து 'நடந்து போகிறவள்' என்று ஓர் அத்தியாயம் எழுதினேன். நாற்பத்தைந்து பக்கம். ஆட்களைப் பாராட்டியே பழக்கமில்லாத மேற்பார்வையாளர் அந்த அத்தியாயத்தின் ஓரத்தில் 'மிக நன்று' என்று எழுதி அனுப்பியிருந்தார். அந்தப் பக்கத்தை நான் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பார்ப்பேன்தான்.

என் பதிவுக் காலம் ஏற்கெனவே இரண்டு தரம் நீடிக்கப்பட்டுவிட்டது. மூன்றாம் தரம் இல்லை என்று கடிதமே வந்திருந்தது. நாள் தவறினால் பதிவு போய்விடும், அத்தனை வருடமும் தண்ணீரில் போட்ட உப்பு. சமர்ப்பிக்க ஐந்து கிழமை இருக்கும்போது வேலை எல்லாம் முடிந்து, பின்னிணைப்பில் போடவேண்டிய பாட்டுகளைத் தட்டச்சுச் செய்வது மட்டும் மிச்சம். எனக்குக் கணினியில் விரல் ஓடாது. என்னவர் செய்து தருகிறேன் என்றார். அவர் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிப் பக்கம் வேலை செய்கிறார். வால்வும் குழாயும்தான் அவருக்குத் தெரிந்த இலக்கியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, அவர் விறாந்தையில் இருந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"இஞ்ச வாரும். இது நீர்தானே?"

"எது?"

"இந்த மூண்டு தோணிக்காரி. அண்டைக்கு என்ர சாப்பாட்டுப் பெட்டியைக் கேற்றில தந்திட்டு, சந்தியில நிண்டு, மூண்டு பஸ் நிக்காமப் போய், கத்திக்கொண்டு நடந்தது நீரெல்லே?"

விசர்க் கதை கதையாதையுங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன்.

ஆனால் அது நடந்ததுதான். அவர் சாப்பாட்டுப் பெட்டியை மறந்து வீட்டில் விட்டுவிட்டுப் போன ஒரு சனிக்கிழமை. கிண்ணியாவுக்குப் போகிற வழியில் சீனன்குடாச் சந்தியில் இறங்கி, வாசல் காவலிடம் பெட்டியைக் கொடுத்தேன். பிறகு பஸ்ஸுக்கு நின்றால் ஒன்று நிரம்பி வழிந்தபடி போனது, மற்றது போனது, மூன்றாவதும் நிற்கவில்லை. கொண்டக்டர் கையை வேறு ஆட்டிவிட்டுப் போனான். நாலாவது பஸ்ஸை நான் மதிக்கவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு அந்த வெயிலில் நடந்தேன். ஒரு மணித்தியாலம் நடந்த பிறகுதான் ஓட்டோ ஒன்று வந்தது. ராத்தா வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாய் அந்தக் கதையைத்தான் கொட்டியிருப்பேன். ராத்தா அந்த ஓட்டோவை மட்டும் கழற்றிவிட்டிருக்கிறா.

"அதெல்லாம் பழைய பாட்டு" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"பழசோ புதுசோ எனக்குத் தெரியாது. ஆனா இந்த வாய் எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

உடுப்பைப் போட்டபடி போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். பதிவுகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. இத்தனை காலமும் ஒவ்வொரு பதிவையும் பாட்டுத் தொடங்கும் இடத்துக்கு நேரே தள்ளித்தான் கேட்டிருந்தேன். பாட்டுக்கு முன்னால் இருப்பது வீண் கதை, ஆய்வுக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொடக்கத்திலிருந்து கேட்டேன். ஒவ்வொரு பதிவிலும் முதல் பத்து நிமிடம் என் குரல்! முறைப்பாடு, முறைப்பாடு, வேறொன்றுமில்லை. கோட்டக் கல்வி அலுவலகம் லீவு தரவில்லை. குடைக் கம்பி உடைந்துவிட்டது. நீடிப்புக் கேட்டுப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன், உத்தியோகத்தர் சாப்பிடப் போய்விட்டார், இரண்டு மணித்தியாலம் பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், கொண்டுபோன சோத்துப் பார்சலும் புளித்துவிட்டது. இடையிடையே ராத்தாவின் "ம்ம்", "அப்பிடியா", பிறகென்ன என்று கேட்கும் "மறுகா?" பிறகு மா வறுபடும் சத்தம் மட்டும். பிறகு பாட்டு.

பாட்டில் ஒருத்தி ஊர்ப் பெரியவர் வீட்டுப் பூட்டின கதவுக்கு முன்னால் இருக்கிறாள். அவள் கொண்டுபோன வெற்றிலை வாடுகிறது. அந்த வெற்றிலையைப் பற்றி நான் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். வாடும் வெற்றிலை, வாடும் இளமை என்றெல்லாம். கடவுளே! அது என் சோத்துப் பார்சல்.

பின்னேரம் வரைக்கும் இருந்து எண்ணினேன். தாயாரின் பாட்டு நாலு. நானாகக் காத்திருத்தலில் சேர்த்துக்கொண்ட கலியாண வீட்டுப் பழைய பாட்டு மூன்று. மிச்சம் பத்தொன்பதும் நான். கிழக்கின் பெண்கள் என்று நான் பக்கம் பக்கமாக எழுதியிருந்த அந்தப் பெண், இந்த உப்புவெளிக் கோபக்காரி. 'இவ்வட்டாரப் பெண்களுக்கே உரிய கூறு' என்பதைத் திரும்ப வாசித்தபோது எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. அழவும் செய்தேன். என்னவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை வரைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறினேன். ராத்தா முற்றத்தில் இடியப்பத் தட்டுகளைக் கழுவி வெயிலில் அடுக்கிக்கொண்டிருந்தா.

"என்ன டீச்சர், நாள் மாறி வந்திரிக்கீங்க? சுகமில்லையா?"

"ராத்தா, மூண்டு தோணிப் பாட்டு ஆர் கட்டினது?"

"நான்தான்."

ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. ஆர் இடியப்பம் அவித்தது என்று கேட்டால் எப்படிச் சொல்வாவோ அப்படி.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை? மூண்டு வருசமா எழுதுறன்! நான் உங்கட உம்மாட பாட்டெண்டெல்லே எழுதி வச்சிருக்கிறன்!"

"நீங்க கேக்கல்லையே டீச்சர்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தட்டுகளையெல்லாம் தட்டிவிட்டிருப்பேன். ராத்தா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னைப் பிடித்துத் திண்ணென்று ஒரு கதிரையில் இருத்தினா.

"இந்தா பாருங்க. நீங்க காத்திருக்கிற பாட்டுத்தான் வேணுமெண்டு கேட்டீங்க. இரிந்தது நாலு. அதை முதல் நாளே தந்திட்டன். மறுகா கிழமைக்குக் கிழமை ரெண்டு பஸ் மாறி வாறீங்க. வீட்டுக்கு வந்த மனிசிய வெறுங்கையோட அனுப்ப ஏலுமா? எங்கட ஆக்கள் காத்திருக்கிறதுக்குப் பாட்டுக் கட்டுறல்ல டீச்சர். எங்களுக்கெங்க நேரம்? வெள்ளாப்பில அஞ்சு மணிக்குக் கடைக்கு இடியப்பம் போகணும். காத்திருக்கிறதெண்டா எப்பிடியிரிக்கும் எண்டு யோசிச்சுப் பாத்தன். காத்திருக்கிற ஆள் எனக்கு முன்னால மா அரிச்சுக்கொண்டு இரிந்திச்சு."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ராத்தா ஒரு தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டா, குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் கூச்சத்தோடு:

"டீச்சர், அப்ப அந்தப் புத்தகத்தில இதெல்லாம் என்ட பாட்டெண்டு எழுதுவீங்களா?"

மூன்று வருடத்தில் அவ என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அதுதான். என் ஆய்வேட்டில் அவவுக்கு நான் வைத்திருந்த பெயர் 'தகவலாளர்'. பாட்டுக்குச் சொந்தக்காரி அங்கே இல்லை, பாட்டுக்கு உள்ளே இருக்கிறவளும் அங்கே இல்லை. இரண்டு பேரையும் துடைத்தெடுத்துவிட்டு ஒரு வட்டாரத்தையே நிறுத்தி வைத்திருந்தேன்.

"எழுதுவன் ராத்தா" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் அதன் பாரம் தெரிந்தது.

அன்று பின்னேரமே மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்தேன். ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"டீச்சர், நீங்கள் மறைக்காமச் சொன்னது சந்தோசம்" என்றார். "ஆனா இப்ப அத்தியாயத்தைப் பிரிச்சால் உங்களாலை கட்ட ஏலாது. வாய்மொழிப் பாட்டெண்டால் ஆரோ எப்பவோ கட்டினதுதானே. சில பாட்டுகள் பாடினவரே கட்டியது எண்டு ஒரு அடிக்குறிப்பைப் போட்டிட்டு விடுங்கோ. ஒருத்தரும் பிழை சொல்லமாட்டினம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. என் பட்டத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தார். எனக்கும் ஆசை வராமலில்லை. ஒரு வரி அடிக்குறிப்பு. சின்ன எழுத்து. யார் வாசிக்கப் போகிறார்கள்? ஆனால் அந்தச் சின்ன எழுத்துக்குள் ராத்தாவைப் போட்டு மூடினால், பிறகு எந்த முகத்தோடு அந்தக் குசினிக்குள் போவேன்? அதைவிட, மேலே நாற்பத்தைந்து பக்கம் பொய் அப்படியே இருக்கும். இவர்கள் காத்திருக்கிறார்கள், இவர்கள் காத்திருக்கிறார்கள் என்று. அவர்கள் எங்கே காத்திருந்தார்கள்?

"ஏலாது சேர்" என்றேன்.

"என்ன ஏலாது?"

"அடிக்குறிப்பு ஏலாது. அத்தியாயத்தைத் திரும்ப எழுதுறன்."

"ஐஞ்சு கிழமைதான் இருக்கு."

"நாலே முக்கால் சேர். தருவன்."

"தராட்டிப் பதிவு போயிடும். நான் ஒண்டும் செய்ய ஏலாது, தெரியுந்தானே?"

"தெரியும்."

அவர் பெருமூச்சு விடுவது கேட்டது. "எழுத எழுத அனுப்புங்கோ. முழுக்க முடிய விட்டிட்டு அனுப்ப வேண்டாம்" என்று வைத்துவிட்டார்.

பிஸ்கட் தகரத்தை மேசையில் கவிழ்த்தேன். எல்லாச் சீட்டையும் றப்பர் பட்டியிலிருந்து உருவி, பத்தொன்பதை மட்டும் புறம்பாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்னொரு சீட்டு வைத்தேன். பாட்டுக்கு முன்னால் நான் கொட்டிய முறைப்பாடு அதில். பஸ், தோணி. அலுவலகக் கதவு, பெரியவர் வீட்டுக் கதவு. உடைந்த குடை, ஓட்டை விழுந்த ஓலைக்குடை. சோடி சோடியாக அடுக்கிப் பார்த்தபோதுதான் ராத்தா என்ன செய்திருக்கிறா என்பது விளங்கியது. என் புலம்பலில் இருந்து முறைப்பாட்டை எடுத்துவிட்டு நடையை வைத்திருக்கிறா. என் கதையில் நான் பாதிக்கப்பட்டவள். அவவுடைய பாட்டில் நான் போகிறவள். ஒரு பாட்டுக்கூட அந்தப் பெண் இருந்த இடத்திலேயே இருக்க முடியவில்லை. பூட்டின கதவுக்கு முன்னால் இருந்தவளும் கடைசி அடியில் எழும்பி வேலியால் ஏறுகிறாள். மூன்று வருடம் அட்டவணை போட்ட எனக்கு அது தெரியவில்லை.

நாலு மணிக்கு எழும்பிப் பள்ளிக்கூடம் போகும்வரை எழுதினேன். பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்கு எழுதினேன். குசினி என்னவர் கையில் போனது. முதல் கிழமை சோறு அடிப்பிடித்தது, இரண்டாம் கிழமை பருப்பு. "எண்ணெய்த் தாங்கியையே பாதுகாக்கிறவருக்கு ஒரு சட்டியைப் பாக்க ஏலாதோ?" என்று கேட்டால், "நீர் எழுதும், வாயை இங்கால கொண்டுவராதையும்" என்பார். படிவத்தில் மேற்படி மேற்படி என்று எழுதியிருந்த அந்தப் பக்கத்தை மறைக்கவில்லை. படமெடுத்து ஆய்வேட்டிலேயே போட்டேன், என் பிழை இப்படி நடந்தது என்று கீழே எழுதி. அதைப் போடும்போது கை கூசியது. போட்டேன். பாட்டுகளுக்கு மேலே 'தகவலாளர்' என்பதை வெட்டி 'ஆக்கியவர்' என்று எழுதி ராத்தாவின் பெயரை முழுப்பெயராக வைத்தேன். கடைசித் திகதிக்கு இரண்டு நாள் முன்னதாகக் கட்டிய பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உத்தியோகத்தர் அன்றைக்கும் சாப்பிடப் போயிருந்தார். அவர் வரும்வரை இருந்தேன், சோத்துப் பார்சலை முன்னமே சாப்பிட்டுவிட்டு.

நாலு மாதம் கழித்து வாய்மொழிப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். நீளமான மேசை. அந்தப் பக்கம் பரீட்சகர்கள் மூன்று பேர், ஓரத்தில் என் மேற்பார்வையாளர். இந்தப் பக்கம் ஒரே ஒரு கதிரை. "இருங்கோ" என்றார்கள். இருந்தேன். முதல் அரை மணித்தியாலம் இடி மேல் இடி. முறையியல் பிழை, படிவம் பிழை, இதை எப்படி முன்னரே கவனிக்கவில்லை என்றெல்லாம். ஒன்றுக்கும் சாட்டுச் சொல்லவில்லை. ஓம், என் பிழை, அதை இத்தனையாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன் என்றேன். பிறகு மற்றப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பெண் பரீட்சகர் ஏட்டை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"காத்திருத்தல் இந்தப் பெண்களுடைய கருப்பொருள் இல்லையெண்டு நீங்களே முடிவில எழுதியிருக்கிறீங்கள். அப்ப அது ஆருடைய கருப்பொருள்?"

"என்னுடையது மேடம்."

"அதைச் சொல்லியிருக்கிறீங்கள். ஆனா நீங்கள் எதுக்குக் காத்திருந்தனீங்கள் எண்டு ஏட்டில எங்கயும் இல்லையே?"

ஆறு வருடத்துக்கு முன்னால் மேற்பார்வையாளரின் அறையில் நின்றபடி ஒப்புவித்த பதில் ஞாபகம் வந்தது. கடலும் துறையும். இந்தத் தரம் ஒப்புவிக்க ஒன்றும் இல்லை. என் கை தானாகவே கதிரையின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"இந்தக் கதிரைக்கு, மேடம்" என்றேன். "பத்தொன்பது வயசில இருந்து."

மேற்பார்வையாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே போய் இருக்கச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டு, சில திருத்தங்களோடு சித்தியடைந்துவிட்டீர்கள் என்றார்கள்.

பஸ் தரிப்பிடத்துக்கு வந்து முதலில் என்னவருக்கு எடுத்தேன். அவர் வேலையில், எடுக்கவில்லை. பிறகு ராத்தாவுக்கு எடுத்தேன். அந்தப் பக்கம் மா வறுபடும் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதா டீச்சர்?"

"முடிஞ்சுது ராத்தா. பாஸ். உங்கட பேரை வாசிச்சுக் காட்டினவை, முழுப்பேரும்."

"அல்ஹம்துலில்லாஹ்!" அகப்பையைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு கேட்டா: "அப்ப இனிக் காத்திருக்கிற பாட்டு வேணாமே?"

"வேண்டாம் ராத்தா."

"நல்லதுகா" என்றா. "ஒங்கள பாட்டுக்குள்ள காக்க வெச்சு வெச்சு எனக்கும் அலுத்துப்போச்சு."